வேற மீன்

நம் காலத்துப் பெண்கள் எல்லோரும் கிணற்றை மேலிருந்து பார்த்தவர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவோம், உள்ளே இருட்டில் நம் முகம் ஆடும், குடம் விழுந்ததும் முகம் உடையும். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த கிணறு. பக்கவாட்டில் நின்று கிணற்றைப் பார்த்தவர்கள் நம்மில் யாரும் இருக்கமாட்டார்கள். நான் பார்த்தேன். போன தை மாதம், தளி போகிற சாலையில் ஒரு ரிசார்ட்டில், ஒரு கிணற்றைப் பாதியாக வெட்டிக் கண்ணாடி போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுத நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். இப்போது என் அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை, சமையல் மருமகள் கைக்குப் போய் வெகு காலம் ஆகிவிட்டது.

அந்த ரிசார்ட்டுக்கு நான் போனதும் மருமகளால்தான். ஓசூரில் அவள் வேலை செய்கிற கம்பெனியில் வருடத்துக்கு ஒரு நாள் வீட்டு ஆட்களைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போவார்கள். ஒருத்தருக்கு இரண்டு பேர். என் மகனுக்கு அன்றைக்கு ஷிப்ட். "அத்தை, நீங்க வாங்க, பெரிய மீன் காட்சி வெச்சிருக்காங்களாம். இன்னொரு ஆளு யாரைக் கூப்பிடலாம்?" என்று கேட்டாள். மத்திகிரி அக்காவைக் கூப்பிடு என்றேன்.

"அவங்களால நடக்க முடியுமா?"

"மாட்டுப் பண்ணையில நடந்து நடந்தே வயசானவ. உன்ன மூச்சு வாங்க வெச்சுட்டு முன்னால போவா."

மத்திகிரி அக்கா என்றால் என் பெரியப்பாவின் மகள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். சின்ன வயதில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு கோடையில் அவளும் அவள் அம்மாவும், அதாவது என் பெரியம்மா, வீட்டை விட்டுப் போனார்கள். போகக் காரணம் ஒரு மீன். எங்கள் கிணற்று மீனைப் பெரியம்மா பிடித்துத் தின்றுவிட்டாள் என்று என் அப்பா சொன்னார். தின்னவில்லை என்று பெரியம்மா சொன்னாள். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. பல காலம் கழித்து, நாங்கள் ஓசூருக்குக் குடிவந்த பிறகு, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். அன்றிலிருந்து போக வர இருக்கிறோம். முட்டிவலி முதல் மருமகள் வரை எல்லாம் பேசுவோம். மீன் பேச்சு மட்டும் இல்லை. அக்கா மீன் தொடமாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவளைத்தான் மீன் காட்சிக்குக் கூப்பிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"மீனைப் பாக்க ஏசி பஸ்ஸா. சந்தைப் பக்கம் போனா கூடை கூடையா கெடக்குமே."

"அது செத்த மீனு. இது உசுரோட நீந்தும்."

"நீந்தினா நீந்திட்டுப் போவுது. நமக்கு என்னா, கொழம்பா வெக்கப் போறம்."

முன் சீட்டில் மருமகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ரிசார்ட் வாசலிலேயே சிமெண்டில் ஒரு திமிங்கிலம் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அந்த வாய்க்குள் நுழைந்துதான் போகவேண்டும். உள்ளே குளிர், மார்கழிக் காலைக் குளிர். தலைக்கு மேலும் கண்ணாடி, இரண்டு பக்கமும் கண்ணாடி, அதற்கு அப்பால் தண்ணீர். முறம் அகலத்துக்கு ஒரு மீன் எங்கள் தலைமேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு போனது. உடைந்த கப்பல் ஒன்றைத் தண்ணீருக்குள் போட்டிருந்தார்கள். பார்த்தால் பழசு, ஆனால் பழசாகச் செய்ததாம். பிள்ளைகள் கத்துகிற சத்தம் காதை அடைத்தது. எனக்கு ஒன்றுதான் வித்தியாசமாக இருந்தது. அத்தனை மீன் இருக்கிற இடத்தில் மீன் வாசனை கொஞ்சமும் இல்லை. ரூம் ஸ்ப்ரே வாசனைதான்.

கண்ணாடியில் கை வைத்தேன். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் ஓடிவந்து, "அஜ்ஜி, முட்டபேடி" என்றாள். தொடாதீங்க பாட்டி என்கிறாள். நான் வாய் திறக்குமுன் அக்கா, "முட்டல்லம்மா, நோட்தீனி", தொடலம்மா, பார்க்கத்தான் செய்கிறேன் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினாள். பண்ணையில் மாடுகளோடு அவள் பேசியதும் கன்னடம்தான்.

கடைசி மண்டபத்தில் கூட்டம் இல்லை. அங்கே கடல் மீன் கிடையாது. நம் பக்கத்து ஏரி, குளம், கிணறு என்று செய்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை, சுறாவைப் பார்க்கத் திரும்பி ஓடினார்கள். அங்கேதான் பாதியாக வெட்டி நிறுத்திய கிணறு, ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மழைக்காலக் கிணறு, கழுத்து வரைக்கும் தண்ணீர், கெண்டைகள் மினுக்கிக்கொண்டு திரிந்தன. இன்னொன்று கோடைக் கிணறு. கல் அடுக்கிய சுவர், ஒரு ராட்டினம், அறுந்த கயிறு, அடியில் சேறு மட்டும். தண்ணீர் இல்லை. மீன் இல்லை.

"இதுல ஒண்ணும் இல்ல, வாங்க அத்தை, சாப்பாட்டுக்கு லைன் நிக்கணும்," என்றாள் மருமகள்.

"நீ போயி நில்லு. நாங்க வர்றம்," என்றேன். அந்தக் கோடைக் கிணற்றுக்கு முன்னாலேயே நின்றுகொண்டேன்.

எங்கள் ஊர் நாகரசம்பட்டிப் பக்கம். கொஞ்சம் மாந்தோப்பு, மீதி மானாவாரி நிலம். வீட்டை ஒட்டிக் கிணறு. ஒரு பக்கம் கல்படி இறங்கும், மறுபக்கம் கவலை இறைக்கிற மேடு. இரண்டு மாடு இழுக்க, தோல் பை நிறையத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணறு வற்றினாலும் எங்கள் கிணறு வற்றாது என்று பேர். அப்பாவுக்கு அதில் பெருமை. எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குடிக்கத் தண்ணீர் கேட்டால் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும்.

கிணற்றில் ஒரு விரால் இருந்தது. கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட அன்றைக்குப் பூசை போட்டு ஒரு மீன் குஞ்சை விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீரில் இருக்கிற பூச்சி புழுவை அது தின்னும். அதை வீட்டார் தின்னக்கூடாது, பிறத்தியாருக்குப் பிடித்துக் கொடுக்கவும் கூடாது. அது வீட்டில் ஓர் ஆள் மாதிரி. வீட்டில் குழந்தை பிறந்தால் அதற்கு ஒரு கை பொரி போடுவார்கள். சாவு விழுந்தால் அன்றைக்குப் போடமாட்டார்கள். நான் பிறந்தபோது பெரியப்பா பொரி போட்டாராம். அவர் இறந்தபோது அது பட்டினி கிடந்ததாம்.

எங்கள் வீட்டு விராலுக்கு வால் கிழிந்திருக்கும். ஒருமுறை அம்மாவின் செம்புக் குடம் கயிறு அறுந்து உள்ளே போய்விட்டது. விழுந்ததை எடுக்கப் பாதாளக் கரண்டி என்று ஒன்று வைத்திருப்போமே, வளையத்தில் கொக்கி கொக்கியாகத் தொங்குமே, அதைக் கட்டி அப்பா துழாவினார். குடம் வரவில்லை, கொக்கியில் மீன் வால் மாட்டிக் கிழிந்துவிட்டது. வெற்றிலையைக் காம்புப் பக்கம் கிள்ளினால் எப்படி இருக்கும், அப்படி. அப்பா அன்றைக்கு அரை நாள் சோறு தின்னவில்லை. அது மேலே வந்து காற்றைக் குடிக்கும்போது 'க்ளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கிறபோது அந்தச் சத்தத்தை நாங்கள் கணக்கே எடுக்கமாட்டோம். கேட்காமல் போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது.

அந்த வருடம் ஆடியும் பொய்த்து, ஐப்பசியும் பொய்த்துப் போனது. மாசியில் கவலை நின்றது. பங்குனியில் படி மேல் படியாக வெளியே வந்தது. நான் பார்த்தே இராத படிகள். பச்சைப் பாசி காய்ந்து, அப்பளம்போல் உரிந்து நின்றது. தண்ணீர் இறங்க இறங்கக் கிணறு தான் விழுங்கி வைத்ததையெல்லாம் கொடுக்க ஆரம்பித்தது. அம்மாவின் செம்புக் குடம் வந்தது, ஒரு பக்கம் நசுங்கி. பெரியப்பா கோபத்தில் வீசிய பூட்டு வந்தது. என் வெள்ளிக் கொலுசு ஒன்று வந்தது. அதைத் தொலைத்ததற்கு நான் வாங்கிய அடி வேறு கணக்கு. ஒரு மரப் பம்பரம் வந்தது, அது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் அக்காவும் அதையெல்லாம் படியில் அடுக்கிக் கடை வைத்து விளையாடினோம். வெயில் கொளுத்தியது. மாங்காய் பிஞ்சிலேயே வெம்பி விழுந்தது. பள்ளிக்கூடம் போக எனக்கு நேரம் இல்லாமல் போனது, பக்கத்து ஊர் ஊற்றிலிருந்து தண்ணீர் தூக்கிவர ஆள் வேண்டும். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது அப்படித்தான். அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசவில்லை.

சித்திரையில் கிணற்றில் முழங்கால் தண்ணீர், பிறகு கணுக்கால் தண்ணீர். விரால் கலங்கலில் முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றியது. அதை எடுத்து ஒரு அண்டாவில் விடலாம் என்று அம்மா சொன்னாள். வேண்டாம், கிணற்றைவிட்டு மீனை எடுத்தால் ஊற்று செத்துப்போகும் என்றார் அப்பா. தூர் எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன், இரண்டு நாளில் வருகிறார்கள், சேற்றை அள்ளி ஆழப்படுத்தினால் தண்ணீர் கண்டுவிடும் என்றார்.

அந்த இரண்டு நாளைக்குள் மீன் காணாமல் போனது.

காலையில் எழுந்து பார்த்தால் வெறும் சேறு. தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை. அப்பா படியிறங்கிப் போய்ப் பார்த்தார். ஒரு குச்சியால் அங்கும் இங்கும் குத்திப் பார்த்தார். மேலே வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்: "நேத்துப் பொழுதுபோன நேரத்துல மீன் வாசன அடிச்சுதே, எங்க இருந்து?"

அடித்தது. எனக்கும் அடித்தது. பெரியம்மா அடுப்பிலிருந்து.

பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மா அதே வீட்டில் பின்கட்டு அறையில் தனி அடுப்பு வைத்திருந்தாள். அக்கா காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தாள், வாய் கசந்து ஒன்றும் இறங்கவில்லை. சந்தையில் கருவாடு வாங்கிச் சுட்டுக் கொடுத்தேன் என்றாள் பெரியம்மா. கருவாட்டு வாசனைக்கும் பச்சை மீன் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள், கருவாடு மாதிரிதான் இருந்தது என்று. அப்பா காதில் வாங்கவில்லை. பெரியம்மாவின் சேலைக் கரையில் கிணற்றுச் சேறு ஒட்டியிருந்தது. கடைசிச் சொம்புத் தண்ணீரை மொண்டுவர விடியலில் இறங்கியவள் அவள்தான்.

என் அப்பா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுவேன். சொத்துப் பங்குக்காகச் செய்தார் என்று சொன்னவர்கள் உண்டு, அது பொய். பஞ்சாயத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. இரண்டு பேர் வழக்கென்றால் ஒரே ஒரு வழி வைத்திருந்தார், பெற்ற பிள்ளை தலையில் கை வைத்துச் சொல்லச் சொல்வார். கை வைத்தால் உண்மை. தயங்கினால் பொய். அந்த வழி அதுவரை தப்பினதில்லை என்று நம்பினார்.

கிணற்று மேட்டில், எல்லோரும் இருக்கும்போது, பெரியம்மாவைக் கூப்பிட்டார். மூத்தவர் மனைவி, மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணி, நான் ஒண்ணும் கேக்கல. புள்ள தலையில கைய வெச்சு, நான் தின்னலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அதோட விட்டுடலாம்."

"தின்னலன்னு சொல்லிட்டேனே தம்பி."

"தலையில கைய வெச்சு."

அக்கா பெரியம்மாவின் பக்கத்தில் நின்றாள். காய்ச்சலில் முடி கொட்டி, தலை சின்னதாக இருந்தது. பெரியம்மா அந்தத் தலையைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள் என்றுதான் நான் நினைத்தேன். தூக்கி, தன் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள்.

"ஒரு மீனுக்காக எம்புள்ள தலைய நான் பணயம் வெக்கமாட்டேன். சொன்னது சொன்னதுதான்."

"அப்ப நான் என்னான்னு எடுத்துக்கறது, அண்ணி?"

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படி எடுத்துக்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அந்த உதறலிலேயே தெரிந்துவிட்டது. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. தின்னாதவள் என்றால் கை வைக்க என்ன பயம்? நான் அம்மாவான பிறகுதான், என் பிள்ளை காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், அந்தக் கை ஏன் இறங்கவில்லை என்று விளங்கியது. பொய் சொல்கிறவளுக்குக் கை வைப்பது சுலபம்.

தூர் எடுக்க வந்த ஆட்களை அப்பா திருப்பி அனுப்பினார். கிணற்று மீனைக் கொன்ற தீட்டு இருக்கிறது, மழை பெய்து கிணறு தானாக நிரம்பிக் கழியட்டும், அதுவரை யாரும் சேற்றில் கால் வைக்கக்கூடாது என்றார். அந்த வருடம் எங்கள் கிணற்றில் மட்டும் தூர் எடுக்கவில்லை.

பெரியம்மா அந்த வாரமே கிளம்பினாள். அவள் அண்ணன் மத்திகிரிப் பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தார், அவர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். ஒரு அண்டா, ஒரு மரப்பெட்டி, அம்மிக் குழவி. அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் ஏன் எடுத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா வண்டியில் ஏறுமுன் கிணற்றுப் படியில் எங்கள் கடையிலிருந்து பம்பரத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீயே வெச்சுக்க பாப்பா" என்றாள். பிறகு அதையும் எங்கேயோ தொலைத்தேன்.

அடுத்த ஐப்பசியில் மழை வந்தது. விடாமல் பெய்தது. கிணறு ஒரு வாரத்தில் பாதிக்கு ஏறியது. மழை விட்ட ஒரு காலை, நான் படியில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். 'க்ளக்' என்று சத்தம்.

பார்த்தேன். கருத்த முதுகு. திரும்பும்போது வால் தெரிந்தது. வெற்றிலையைக் கிள்ளின மாதிரி.

ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தேன். அவர் ஓரத்தில் குந்தினார். ரொம்ப நேரம் குந்தியிருந்தார். மீன் இரண்டு முறை மேலே வந்துபோனது.

"அது வேற மீனு," என்றார்.

"வாலு கிழிஞ்சிருக்குதுப்பா."

"எல்லா மீனுக்கும் வாலு கிழியும். வெள்ளத்துல ஏரி மீனு எங்கயாவது ஏறி வந்திருக்கும். தண்ணியே இல்லாம வெயில்ல ஒரு மீனு எப்படிக் கெடக்கும்? நீயே சொல்லு."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. தண்ணீர் இல்லாமல் மீன் எப்படி இருக்கும். நாங்கள் ஏரிக்கரை ஆட்கள் இல்லை, எங்களுக்கு மீன் என்றால் சந்தைக் கூடையில் வருவது. அன்று மத்தியானம் களி போடும்போது அம்மா, "மத்திகிரிக்கு ஒரு நடை போயி அண்ணியக் கூட்டியாந்தா என்னா?" என்று கேட்டாள்.

"என்னாத்துக்கு. அதான் வேற மீனுன்னு சொல்றேனே."

அதோடு வீட்டில் எல்லோரும் அதை வேற மீன் என்றுதான் சொன்னோம். நானும் நம்பினேன். ஒன்று மட்டும் அம்மா சாகும் முன் சொன்னாள். அந்த மழைக்குப் பிறகு அப்பா எந்தப் பஞ்சாயத்திலும் யாரையும் பிள்ளை தலையில் கை வைக்கச் சொல்லவில்லையாம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, அது பழைய பழக்கம் என்றாராம்.

கோடைக் கிணற்றுக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன் என்று சொன்னேன். அக்கா என் பக்கத்தில் நின்றாள். சேறு பளபளவென்று இருந்தது, இப்போதுதான் பூசின மாதிரி. அக்கா, "வெறும் சேத்துக்கு என்னாத்துக்குக் கண்ணாடி" என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள்.

சேறு அசைந்தது.

முதலில் ஒரு குமிழி. பிறகு சேற்றிலேயே ஒரு பிளவு, அதில் ஒரு வாய். வாய் திறந்து காற்றை விழுங்கி மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. பக்கவாட்டில் பார்த்ததால் உடம்பும் தெரிந்தது, சேற்றுக்குள் வளைந்து, தொட்டிலில் பிள்ளை படுத்த மாதிரி ஒரு விரால்.

சாப்பாட்டு வரிசையை விட்டுத் தேடிக்கொண்டு வந்த மருமகள் பலகையைப் படித்தாள். கோடையில் நீர் வற்றினால் விரால் சேற்றில் புதைந்து, மழை வரும்வரை உயிரோடு இருக்கும் என்று போட்டிருக்கிறது என்றாள். "அதிசயமா இருக்கில்ல அத்தை?"

நான் அக்காவைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் ஒரே கேள்விதான். நான் தின்னல, அப்ப அது எங்க போச்சுன்னு. கொக்கு தூக்கியிருக்கும்பா ஒரு நாளு. பாம்பு வந்திருக்கும்பா ஒரு நாளு. படுக்கையில கெடந்தப்பக்கூட, நான் தின்னுட்டு மறந்துட்டனாடின்னு என்னக் கேட்டா."

மருமகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல பெண், விலகி நின்றாள்.

என் வீட்டுப் பேச்சை நான் வெளியே விடுகிறவள் இல்லை. அப்பா பேருக்கு ஒரு சொல் வர விட்டதில்லை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அக்காவுக்குப் பாதி தெரிந்ததோடு போயிருக்கும். மீன் சேற்றில் இருந்திருக்கலாம் என்று. இருந்திருக்கலாம் என்பது வேறு, இருந்தது என்பது வேறு. பெரியம்மா கேட்ட கேள்விக்கு 'இருந்திருக்கலாம்' பதில் ஆகாது.

"அது திரும்ப வந்துச்சு அக்கா," என்றேன். "நீங்க போன பெறவு, ஐப்பசி மழையில. வாலு கிழிஞ்ச அதே மீனு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சித்தப்பா?" என்றாள்.

கண்ணாடிக்குள் வாய் இன்னொரு முறை திறந்து மூடியது.

"அவரும் பாத்தாரு. வேற மீனுன்னு சொன்னாரு."

அக்கா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள், அழப் போகிறாள் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, தலையைக் கொஞ்சம் குனிந்து நீட்டினாள். வெள்ளை முடி, நடுவில் வகிடு அகன்று போன தலை.

"எங்க, எந்தலையில கைய வெச்சுச் சொல்லு."

விளையாட்டுக்குக் கேட்டாளா, வினையாகக் கேட்டாளா, குரலில் தெரியவில்லை. என் கை பாதிக்கு வந்தது. அந்தத் தலையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் கை தானாகத் திரும்பி வந்துவிட்டது.

"மாட்டேன் அக்கா. சொன்னது சொன்னதுதான்."

அவள் நிமிர்ந்தாள். சேலையை இழுத்து இடுப்பில் செருகினாள். பெரியம்மா செருகின அதே மாதிரி.

"அது போதும்," என்றாள். "வா பாப்பா, பசிக்குது."

மருமகளுக்குப் போட்டோ எடுக்காமல் முடியாது. சுறாவுக்கு முன்னால் நின்றால் நன்றாக இருக்கும், எல்லோரும் அங்கேதான் எடுக்கிறார்கள் என்றாள். அக்கா மறுத்துவிட்டாள். "இங்கயே எடும்மா. கெணறு தெரியணும்." நாங்கள் கோடைக் கிணற்றுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். நீலச் சட்டைப் பெண் வந்து அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தப் படத்தைப் பெரிதாக அடித்துக் கண்ணாடி போட்டு மத்திகிரி வீட்டில் பெரியம்மா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாள் அக்கா. போன வாரம் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்களாம், ரெண்டு கிழவிகளும் ஒரு காலிக் கிணத்துகிட்ட நின்னு என்னா பண்றீங்க என்று. படத்தில் கிணறு காலியாகத்தான் தெரிகிறது. எடுத்த நேரத்தில் மீன் சேற்றுக்குள் போய்விட்டிருந்தது.

"அதுல மீனு இருக்குது," என்று சொல்கிறாளாம் அக்கா. நான் அங்கே இருந்தால் நானும் சொல்கிறேன்.